பகலில் கடிக்கும் வீட்டுக் கொசுவும் பெண்களின் காய்ச்சலும்

தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம் ஒன்றைக் காலி செய்து, அதன் உட்சுவரில் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் நின்றிருந்த மட்டத்துக்குச் சற்று மேலே, பாசி படிந்த கோட்டை ஒட்டி, மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரியலாம். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. விரலால் துடைத்தால் போகாது. முரட்டு நாரால் அழுத்தித் தேய்த்தால்தான் உதிரும். ஏடிஸ் எஜிப்டி கொசுவின் முட்டைகள் அவை. நீரில்லாமல் காய்ந்து கிடந்தாலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் நிரப்பி மட்டம் ஏறி அவற்றைத் தொட்டதும் பொரிந்துவிடும். வெயில் நாட்களில் ஒரு வாரம், பத்து நாளில் புழு கொசுவாகிப் பறக்கிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டோமே, பிறகும் எப்படிக் கொசு வந்தது என்று கேட்பவர்களுக்கு விடை அந்தச் சுவரில் இருக்கிறது.

இந்தக் கொசுவுக்குச் சாக்கடை அவ்வளவாகப் பிடிக்காது. மனிதர் சேமித்து வைக்கும் தெளிந்த நீர்தான் வேண்டும்: மூடாத தொட்டி, வாளி, பூந்தொட்டியின் அடித்தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் நீர் சொட்டும் தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர். பிறந்த இடத்திலிருந்து அதிக தூரம் போகாது. பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே அதன் வாழ்க்கை முடிந்துவிடும். விடிந்த சில மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய நேரமும் அது மும்முரமாகக் கடிக்கும் வேளைகள். மற்ற நேரங்களில் கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், மாட்டி வைத்த துணிகளின் மடிப்பில் ஒளிந்திருக்கும். தரையோடு தாழப் பறந்து கணுக்காலைக் கடிக்கும். ஒருவர் காலை உதறினால் அடுத்தவரிடம் போகும். ஒரு வயிறு இரத்தத்துக்கு இரண்டு மூன்று பேரைக்கூடக் கடித்துவிடும். ஒரே வீட்டில் அடுத்தடுத்துக் காய்ச்சல் விழுவதற்கு இது ஒரு காரணம்.

டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா என மூன்று வைரஸ்களையும் வெப்பமண்டல நகரங்களில் சுமந்து திரிவது முக்கியமாக இந்த ஒரே கொசுதான். அதன் உறவான ஏடிஸ் அல்போபிக்டஸ் துணைக்கு உண்டு. 2024-ஆம் ஆண்டில் மட்டும் உலக சுகாதார நிறுவனத்துக்கு வந்த டெங்குப் பதிவுகள் 1.4 கோடியைத் தாண்டின. வைரஸுக்கு ஆண், பெண் என்ற பேதம் தெரியாது. ஆனால் கொசுவிடம் ஒரு பெண் அகப்படும் விதம், நோய் அவள் உடலில் காட்டும் அடையாளம், அந்த அடையாளத்தை மற்றவர்கள் படிக்கும் விதம் எல்லாம் வேறு. இதைத் தனியாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. தொட்டியைத் தேய்க்கச் சொல்லும்போது ஊரே பெண்ணைத் தேடுகிறது. அவளே காய்ச்சலில் படுக்கும்போது, அவளிடம் கேட்க வேண்டிய கேள்விகளை யாரும் கேட்பதில்லை.

முதலில் எண்ணிக்கை. ஆசிய நாடுகள் ஆறின் டெங்குப் பதிவுகளை ஒப்பிட்டு 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று, பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் ஆண்களே அதிகம் பதிவாவதைக் காட்டியது. பிரேசிலிலோ பதிவாகும் டெங்கு நோயாளிகளில் பாதிக்குச் சற்று மேல் பெண்கள். ஒரே வைரஸ், ஒரே கொசு. கணக்கு மட்டும் ஏன் தலைகீழாகிறது? வேலைக்காக வெளியே போகும் ஆண்கள் அதிகம் கடிபடுகிறார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. ஓரிடத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நோய்ப் பதிவேடு என்பது காய்ச்சல் வந்தவர்களின் பட்டியல் இல்லை. காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்து, பரிசோதனையும் செய்துகொண்டவர்களின் பட்டியல். யாருக்கு உடனே ஆட்டோ பிடிக்கப்படுகிறது, யார் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள் என்பதும் அந்தப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே, ஒரு நகரத்தின் பதிவுகளில் பெண்கள் குறைவு என்றால், பெண்களுக்கு நோய் குறைவு என்று அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது.

பெரு நாட்டின் அமேசான் பகுதியில் உள்ள இக்கிடோஸ் நகரில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகள் இதில் ஒரு முக்கியமான வெளிச்சம் தந்தன. டெங்கு எங்கே தொற்றுகிறது என்று தேடியவர்கள் சந்தையையும் பஸ் நிலையத்தையும்விட வீடுகளையே முதலிடத்தில் கண்டார்கள். அதிலும் சொந்த வீடு மட்டும் இல்லை. உறவினர், நண்பர் வீடுகளுக்குப் போய் வருவது வைரஸை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. கொசு நூறு, இருநூறு மீட்டர்தான் பறக்கும். மீதித் தூரத்தை அதற்காக நாம் நடக்கிறோம். நோயுற்ற உறவினரைப் பார்க்கப் போவது, பிறந்த குழந்தைக்குத் துணையிருக்கப் போவது, இன்னொரு வீட்டில் வேலைக்குப் போவது என்று பகல் வேளையில் வீடுகளுக்குள் இருப்பவர் யார் என்று எண்ணிப் பார்த்தால், பெண்கள் வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற நினைப்பு நிற்காது. இந்தக் கொசுவைப் பொறுத்தவரை வீடுதான் காடு.

அடுத்தது உடல். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் கொதிக்கும் நாட்களில் இல்லை, காய்ச்சல் இறங்கும் நாட்களில் இருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், உடல் குளிர்ந்து ‘சரியாகிவிட்டது’ என்று எல்லாரும் மூச்சுவிடும் அந்த நேரத்தில், சிலருக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் தளர்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. குழாய்க்குள் இருக்கும் இரத்தம் கெட்டியாகிறது. இரத்த அழுத்தம் விழுகிறது. இந்த நெருக்கடி ஒன்று, இரண்டு நாட்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அதற்குள் சரியான அளவில் நீர்ச்சத்து ஏற்றினால் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள். அதைத் தவறவிட்டால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறுகிறது. தாங்க முடியாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலும் மூக்கிலும் இரத்தம், அசதி மிகுந்து துவண்டு கிடப்பது, அமைதியின்மை ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள் என்று எல்லாச் சுவரொட்டிகளிலும் போட்டிருக்கும்.

மாதவிடாய் இரத்தப்போக்கு அந்தச் சுவரொட்டியில் பெரும்பாலும் இருக்காது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து, உறையும் திறனும் குலையும்போது கருப்பையின் உட்சுவர் இரத்தம் கசியும் இடங்களில் ஒன்றாகிவிடுகிறது. தேதிக்கு முன்பே வந்துவிடலாம்; வழக்கத்தைவிட அதிகமாகப் போகலாம்; முடிந்தது மறுபடி தொடங்கலாம். மூக்கில் நாலு சொட்டு இரத்தம் வந்தால் வீடே பதறி ஓடும். இங்கே ஒரு பெண் நாப்கினை மணிக்கொரு முறை மாற்றிக்கொண்டு, காய்ச்சலால் முன்கூட்டியே வந்துவிட்டது போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறாள். மருத்துவர் கேட்டால் சொல்வாள். அவர் கேட்கவில்லை, வார்டில் ஆண்கள் சுற்றி நிற்கிறார்கள், அவளும் சொல்லவில்லை. இழந்த இரத்தம் எந்தத் தாளிலும் ஏறவில்லை.

இதோடு ஒரு மாத்திரையும் சேர்கிறது. மாதவிடாய் வலிக்காகப் பல பெண்கள் கைப்பையில் வைத்திருக்கும் மெஃபனாமிக் அமிலம், ஐபுபுரூஃபன் வகையைச் சேர்ந்த வலிநிவாரணி. டெங்குவில் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாரசிட்டமால் மட்டும் போதும் என்று சொல்வது எதற்காகவோ, அதே காரணம் இதற்கும் பொருந்தும்: இவை இரைப்பையில் புண்ணுண்டாக்கி இரத்தக் கசிவைத் தூண்டும், தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கும். காய்ச்சலுக்கு நான் வேறு எதுவும் போடவில்லை, பாரசிட்டமால்தான் என்று ஒரு பெண் மனமறிந்து உண்மை சொல்வாள். வயிற்று வலிக்குப் போட்டது அவள் கணக்கில் காய்ச்சல் மருந்து இல்லை. ‘எந்த வலிக்கும் எதுவும் போட்டீர்களா’ என்று கேட்டால்தான் அந்த மாத்திரை வெளியே வரும்.

இரத்தசோகை இன்னொரு திரை. டெங்குவில் இரத்தம் கெட்டியாவதை மருத்துவர் ஹிமாடோக்ரிட் என்ற அளவால் பார்க்கிறார். இரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடித்திருக்கும் இடம் எத்தனை சதவீதம் என்பதே அது. வழக்கமான அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் கசிவு கடுமை என்று பொருள். இரத்தசோகையால் ஒரு பெண்ணின் வழக்கமான அளவே 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 36-க்கு ஏறுகிறது. அறிக்கையைப் பார்ப்பவருக்கு 36 என்பது ஒரு பெண்ணுக்கு இயல்பான எண்ணாகத்தான் தெரியும். அவள் ஆபத்துக்குள் நுழைந்துவிட்டாள். தாளோ நலம் என்கிறது. அவளுடைய பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கை ஏதாவது வீட்டில் கிடக்குமானால் அதையும் எடுத்துக்கொண்டு போவது இதனால்தான் பயனுள்ளது. முதல் நாள் எடுத்த எண்ணோடு அடுத்த நாள் எண்ணை ஒப்பிடுவது, ஒற்றை எண்ணை வெறித்துப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

கர்ப்ப காலத்தில் இந்தச் சிக்கல் எல்லாம் பல மடங்கு. கர்ப்பிணியின் உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் ஹிமாடோக்ரிட் இயல்பாகவே இறங்கியிருக்கும். மேலே சொன்ன திரை ஏறக்குறைய எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உண்டு. டெங்குவில் வெள்ளணுக்கள் குறையும். கர்ப்பத்தில் அவை கூடுதலாக இருக்கும் என்பதால் குறைவு தெரியாமல் போகலாம். கடைசி மாதங்களில் தட்டணுக்கள் சற்றுக் குறைவதும் பல பெண்களுக்கு இயல்பே. நாடித்துடிப்பு கொஞ்சம் வேகமாக, இரத்த அழுத்தம் கொஞ்சம் தாழ்வாக இருப்பதும் கர்ப்பத்தில் சாதாரணம். டெங்குவின் எச்சரிக்கை மணிகள் ஒவ்வொன்றையும் கர்ப்பம் மூடி வைத்துவிடுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

மறுபுறம், கர்ப்பத்துக்கே உரிய ஆபத்தான நிலைகள் டெங்குவைப் போல வேஷம் போடும். கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் முற்றி, ஈரல் பாதிக்கப்பட்டு, சிவப்பணுக்கள் சிதைந்து, தட்டணுக்கள் விழும் ஹெல்ப் நோய்க்குறி ஒன்று உண்டு. வலது மேல்வயிற்றில் வலி, வாந்தி, ஈரல் நொதிகள் ஏற்றம், தட்டணுக்கள் இறக்கம் என எல்லாமே கடுமையான டெங்குவிலும் வரும். ஹெல்ப்புக்குச் சிகிச்சை குழந்தையை வெளியே எடுப்பது. டெங்குவின் நெருக்கடி நாட்களில் பிரசவம் செய்விப்பதோ இரத்தப்போக்கை அழைத்துக்கொள்வது. முடிந்தவரை தள்ளிப்போட்டு, இரத்தம் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் முறை. ஒன்றுக்கு மருந்தாவது மற்றதற்கு ஆபத்து. இப்படிப்பட்ட இடத்தில் மகப்பேறு மருத்துவரும் காய்ச்சல் மருத்துவரும் ஒரே படுக்கையருகே நின்று பேசியாக வேண்டும். அந்தப் பேச்சு தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தத் தாயின் கணக்கில் ஏறுகிறது.

பிரேசிலின் பிறப்பு, இறப்புப் பதிவுகளை டெங்குப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்த ஆய்வுகள், கர்ப்பத்தில் டெங்கு வந்த பெண்களிடையே குழந்தை இறந்து பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காவதையும், தாய் இறக்கும் அபாயம் கூடுவதையும் காட்டின. இதைப் படித்து ஒரு கர்ப்பிணி கலங்க வேண்டாம். காய்ச்சல் வந்த பெரும்பாலான கர்ப்பிணிகள் நலமாகவே பெற்றெடுக்கிறார்கள். ஆனால் கொசுக் காய்ச்சல் பரவும் காலத்தில் கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் ‘இரண்டு நாள் பார்ப்போம்’ என்ற பேச்சே கூடாது. உயர் இரத்த அழுத்தத்தைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்துக்கொள்ளும் கர்ப்பிணிகள் பலர். அவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல், காய்ச்சல் வந்த அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பிரசவத்தை ஒட்டிக் காய்ச்சல் வந்தால் வைரஸ் குழந்தைக்கும் போகலாம். பிறந்த அன்று குழந்தை திடமாக இருக்கும். சில நாட்களில் காய்ச்சலும் தட்டணுக் குறைவும் தலைகாட்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இன்னொரு விந்தையும் டெங்குவில் உண்டு. நான்கு வகை டெங்கு வைரஸ்கள் இருக்கின்றன. ஒரு வகை வந்து போனவருக்கு வேறொரு வகை வரும்போது, முதல் நோயை எதிர்க்க உடல் உண்டாக்கிய பழைய எதிர்ப்பொருள் சில நேரம் காப்பதற்குப் பதிலாக வைரஸ் செல்லுக்குள் நுழையக் கதவு திறந்துவிடுகிறது. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய் முதல் சில மாதங்கள் காக்கும். அது மெலிந்து, காக்கப் போதாமல், கதவைத் திறக்க மட்டும் போதுமான அளவுக்கு இறங்கும் ஆறாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதம் வரை, அந்தக் குழந்தைக்கு முதல் டெங்குவே கடுமையாக வரக்கூடும்.

சிக்குன்குனியாவின் கதை வேறு. 1952-ல் இன்றைய தான்சானியாவின் மகொண்டே மேட்டுநிலத்தில் முதலில் அடையாளம் காணப்பட்ட இந்த நோய்க்கு, மூட்டு வலியால் உடல் வளைந்து போவதைக் குறிக்கும் மகொண்டே மொழிச் சொல்லே பெயரானது. கர்ப்பிணிகளைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு கொடுத்தது. 2005, 2006 ஆண்டுகளில் அந்தத் தீவின் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களை நோய் தொட்டது. பிரசவ வலி எடுத்த நேரத்தில் இரத்தத்தில் வைரஸ் இருந்த தாய்மாரின் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று போயிருந்தது. சிசேரியன் செய்தும் தடுக்க முடியவில்லை. அந்தக் குழந்தைகள் எல்லாம் பிறக்கும்போது ஆரோக்கியமாகவே இருந்தன; மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சலும் வலியும் பால் குடிக்க மறுப்பதும் தொடங்கின; சிலருக்கு மூளை பாதித்தது. பிரசவத்துக்கு முந்தைய ஓரிரு நாட்களில் தாய்க்குக் காய்ச்சலும் மூட்டுவலியும் இருந்திருந்தால், மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடாமல் ஒரு வாரமாவது குழந்தையைக் கண்காணிக்க வேண்டும் என்பது அந்தத் தீவு கொடுத்த விலையில் கிடைத்த பாடம்.

சிக்குன்குனியா அரிதாகத்தான் உயிரை எடுக்கும். பலருடைய கையை எடுத்துவிடுகிறது. காய்ச்சல் விட்டு மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மூட்டு வலி நீடிக்கிறது. அப்படி நீடிப்பவர்களில் பெண்களும் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களும் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது. பாட்டில் மூடியைத் திருக முடியாது. ஈரத் துணியைப் பிழிய முடியாது. குழந்தையைத் தூக்கும்போது மணிக்கட்டு விட்டுவிடும். அவள் வேலை கையை நம்பியது, அந்த வேலைக்கு மருத்துவ விடுப்பு என்று எதுவும் கிடையாது. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் ‘மனசுதான் காரணம்’ என்று வீட்டில் ஆரம்பித்துவிடுகிறார்கள். மனசு காரணம் இல்லை. வைரஸ் போன பிறகும் மூட்டுக்குள் அழற்சி தொடர்கிறது. அதற்கு முறையான சிகிச்சையும் உடற்பயிற்சியும் உண்டு, மூட்டுவாத மருத்துவரைப் பார்க்கலாம்.

ஜிகா 1947-ல் உகாண்டாவின் ஜிகா காட்டில் ஒரு குரங்கின் இரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அறுபது ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 2007-ல் பசிபிக்கின் யாப் தீவில் பரவியது; 2015-ல் பிரேசிலில் பெருகியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வடகிழக்கு பிரேசிலின் ரெசிஃபே நகரில், குழந்தை நரம்பியல் மருத்துவர்களான அனா வான் டெர் லிண்டனும் அவர் மகள் வனெஸ்ஸாவும் மிகச் சிறிய தலையோடு பிறக்கும் குழந்தைகள் அடுத்தடுத்து வருவதைக் கவனித்தார்கள். தாய் தன் மருத்துவமனையில் பார்த்ததையும் மகள் தன் மருத்துவமனையில் பார்த்ததையும் சேர்த்து வைத்தபோதுதான் விபரீதம் புரிந்தது. அந்தத் தாய்மாரில் பலருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் உடலில் தடிப்பு வந்து போயிருந்தது. அண்டை மாநிலத்தில் கருநல மருத்துவர் அட்ரியானா மெலோ இரண்டு கர்ப்பிணிகளின் பனிக்குட நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். நவம்பர் மாதம் அதில் ஜிகா வைரஸ் இருப்பது உறுதியானது. தொற்றுநோயியலாளர் செலினா துர்ச்சி தலைமையில் ரெசிஃபேயில், சிறுதலையோடு பிறந்த குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வு வைரஸுக்கும் சிறுதலைக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டியது. உலகம் தாமதமாக அறிந்த ஒன்றை முன்னால் நின்று சொன்னவர்கள் இந்தப் பெண்கள். தாயிடம் ‘உனக்கு எப்போது உடம்பு சரியில்லாமல் போனது’ என்று கேட்டு, பதிலை நம்பியதால் அவர்களுக்கு அது பிடிபட்டது.

2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலை அறிவித்தது. நவம்பர் 18 அன்று விலக்கிக்கொண்டது. அவசரநிலை முடிந்தாலும் அந்தக் குழந்தைகளின் பாடு முடியவில்லை. வலிப்பு, விழுங்கச் சிரமம், பார்வைக் குறைவு என்று வளரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி மருத்துவமனைகளுக்கு அலைந்தவர்கள் தாய்மார்களே. கர்ப்பத்தில் ஜிகா தொற்றிய பெண்களின் குழந்தைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்குப் பாதிப்பு காணப்படுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது என்பதுதான் இதில் கொடுமை. தனக்கு வந்து போனதே ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

அந்த நாட்களில் என்னை இன்றும் கோபப்படுத்துவது எல் சால்வடோர் அரசின் அறிவுரை. 2016 ஜனவரியில், 2018 வரை கர்ப்பம் தரிக்க வேண்டாம் என்று அந்நாட்டுப் பெண்களிடம் சொன்னார்கள். கருக்கலைப்பு எந்தக் காரணத்துக்கும் அனுமதிக்கப்படாத நாடு அது. கர்ப்பம் என்பது ஒரு பெண் தனியாக எடுக்கும் முடிவு போலவும், கருத்தடைச் சாதனம் எல்லார் கையிலும் இருப்பது போலவும், மறுக்கும் உரிமை எல்லார் வீட்டிலும் இருப்பது போலவும் இருந்தது அந்தப் பேச்சு. ஜிகா உடலுறவு வழியாகவும் பரவும். விந்துவில் வாரக்கணக்கில் தங்கும். நோய் பரவும் இடத்திலிருந்து திரும்பும் ஆண்கள் மூன்று மாதமும் பெண்கள் இரண்டு மாதமும் ஆணுறை போன்ற பாதுகாப்பைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது, பாதுகாப்பின் பெரும்பங்கு ஆணிடம் சொல்ல வேண்டிய செய்தி. அது எத்தனை சுவரொட்டிகளில் ஆணைப் பார்த்துப் பேசியது?

பரிசோதனை பற்றிச் சுருக்கமாக. காய்ச்சலின் முதல் சில நாட்களில் வைரஸையோ அதன் என்எஸ்1 புரதத்தையோ தேடும் சோதனை உதவும். ஐந்தாம் நாளை ஒட்டி ஐஜிஎம் எதிர்ப்பொருள் சோதனை. டெங்குவும் ஜிகாவும் ஒரே குடும்ப வைரஸ்கள் என்பதால் எதிர்ப்பொருள் சோதனை ஒன்றை மற்றதாகக் காட்டிவிடலாம். கர்ப்பிணிக்கு இந்தக் குழப்பம் சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் அவர்களுக்கு முதல் நாட்களிலேயே சோதனை செய்வது முக்கியம். இப்போது புழக்கத்தில் உள்ள டெங்குத் தடுப்பூசிகள் உயிருள்ள வைரஸை வலுக்குறைத்துச் செய்தவை, கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை. ஆகவே கர்ப்ப காலத்தில் கடிபடாமல் இருப்பதே தடுப்பு: கணுக்கால் மூடும் உடை, பகல் தூக்கத்துக்கும் கொசுவலை, டீட் அல்லது பிகாரிடின் கலந்த கொசு விரட்டிப் பூச்சு. டீட் பூச்சை உறையில் சொன்னபடி பயன்படுத்தினால் கர்ப்பிணிகளுக்கும் பாதுகாப்பானது. கர்ப்பிணிகளைக் கொசு அதிகம் நாடுமா என்று கேட்பவர்கள் உண்டு. காம்பியாவில் நடந்த ஆய்வில் மலேரியாக் கொசு கர்ப்பிணிகளிடம் ஏறக்குறைய இரு மடங்கு போனது. அவர்கள் வெளிவிடும் மூச்சு அதிகம், வயிற்றுப் பகுதியின் சூடும் சற்று அதிகம். அது வேறு கொசு. ஆனாலும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

இனி கொசு ஒழிப்பு. தெருவில் வண்டி வந்து புகை மருந்து அடித்துவிட்டுப் போனால் நகராட்சி ஏதோ செய்கிறது என்ற திருப்தி வரும். வெளியே பறக்கும் கொசுவில் கொஞ்சம் சாகும். கட்டிலுக்கு அடியிலும் துணி மடிப்பிலும் உட்கார்ந்திருக்கும் ஏடிஸ் பத்திரமாக இருக்கும். முட்டைக்கோ ஒன்றும் ஆகாது. ஆகவே வேலை வீட்டுக்குள் வருகிறது. வீட்டுக்குள் வந்ததும் அது பெண்ணின் வேலையாகிவிடுகிறது. வாரம் ஒரு நாள் எல்லாத் தொட்டிகளையும் காலி செய்து தேய்த்துக் கவிழ்க்க வேண்டும் என்று துண்டறிக்கை சொல்கிறது. குழாயில் மூன்று நாளைக்கொரு முறை தண்ணீர் வரும் வீட்டில் இருநூறு லிட்டரைக் கீழே கொட்டு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அவள் சேமிப்பது அசட்டையால் இல்லை. நாளைக்குத் தண்ணீர் வருமா என்று தெரியாததால். குழாய்நீர் நாள் தவறாமல் வந்தால் டிரம் தானாகக் காலியாகும். கொசுத் தடுப்பில் அதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரியவில்லை. அதுவரை, இறுக்கமான மூடியும், மூடியில்லாத டிரம்முக்கு ஓரத்தில் நாடா வைத்துக் கட்டிய நெருக்கமான வலைத்துணியும் கொட்டச் சொல்வதைவிட நியாயமான யோசனைகள்.

பெண்களைக் கூலியில்லாத துப்புரவாளர்களாக எண்ணாமல், திட்டத்தின் பங்காளிகளாக ஏற்ற இடங்களில் பலன் கிடைத்திருக்கிறது. 1990-களில் வட வியட்நாமில் மீசோசைக்ளோப்ஸ் என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரியைத் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டார்கள். அது ஏடிஸின் குஞ்சுப் புழுக்களைத் தின்றுவிடும். மகளிர் சங்கத்தினரும் ஆசிரியர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வீடு வீடாகப் போய் அதைப் பரப்பிக் கண்காணித்தார்கள். பல ஊர்களில் ஏடிஸ் எஜிப்டியே இல்லாமல் போனது. அவை பெரும்பாலும் கிராமப்புறங்கள். நெருக்கமான நகரத்துக்கு அதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. நகரத்துக்கு நம்பிக்கை தருவது இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா. ஓல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை நகரின் சில பகுதிகளில் விட்டார்கள். அந்தப் பாக்டீரியா கொசுவுக்குள் டெங்கு வைரஸைப் பெருக விடாது, முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் போகும். 2021-ல் வெளியான முடிவின்படி அந்தப் பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. யாரும் தினமும் தொட்டி தேய்க்க வேண்டாத ஒரு தடுப்பு என்பதே அதில் எனக்குப் பிடித்த அம்சம்.

இதெல்லாம் நகரம் செய்ய வேண்டியவை. காய்ச்சல் வார்டில் நாளைக் காலையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெப்பம், நாடி, இரத்த அழுத்தம் எழுதும் அதே தாளில், பெண் நோயாளிக்கு இன்னும் சில வரிகள்: கடைசி மாதவிடாய் எப்போது, இப்போது இரத்தப்போக்கு உண்டா, எத்தனை நாப்கின் மாற்றினாள், கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா, எந்த வலிக்கு எந்த மாத்திரை போட்டாள். மறைவான ஓர் இடத்தில் கேட்டால் சரியான பதில் வரும்.

வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம் என்று அனுப்பப்படும் பெண்ணுக்கும் அந்த நெருக்கடி நாட்கள் உண்டு. ஓய்வெடுங்கள், நிறையக் குடியுங்கள், கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். காய்ச்சல் இறங்கிய நான்காம் நாள் காலை அவள் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விடுவாள். எத்தனை டம்ளர் குடித்தாள், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள் என்று அவளே கணக்கு வைத்திருக்க மாட்டாள். நாலு முதல் ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். அதைக் கேட்டு, கடிகாரத்தைப் பார்த்து, செருப்பை மாட்டிக்கொண்டு வண்டி பிடிக்க அந்த வீட்டில் அவளைத் தவிர இன்னொருவர் இருக்க வேண்டும். அவளை அனுப்பும்போதே, அந்த இன்னொருவர் யார் என்று பெயர் கேட்டு, அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து இதைச் சொல்லுங்கள்.